சுடாத கால்கள்

1

இந்தக் கோடை முழுவதும் ஊரில் இருந்து வரும் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்லியே நான் களைத்துப்போனேன். முதலில் சுகம் விசாரிப்பார்கள். பிறகு மகனுக்கு ஏதும் கலியாணம் பொருந்தியதா என்று கொஞ்சம் சுற்றுவார்கள். கடைசியில் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள்.

"மெய்யே அக்கா, அத்தானுக்குத் தேர்த் திருவிழா அண்டு கால் சுடேல்லையாமே?"

கேட்டது கோண்டாவிலில் இருக்கும் என் தங்கை. அவளுக்கு அந்த வீடியோவை அனுப்பியது கொழும்பில் இருக்கும் அவளுடைய மச்சாள். மச்சாளுக்கு யாரோ பாரிஸில் இருந்து அனுப்பினார்களாம். இங்கே ரொறன்ரோவில் எங்கள் கோயில் வாசலில் எடுத்த வீடியோ, உலகத்தைச் சுற்றிப் போய் என் தங்கையின் கைக்கு வந்து, அவள் மூலமாக எனக்கே திரும்பி வந்தது. கீழே "முருகனின் அற்புதம், பார்த்தவுடன் பகிருங்கள்" என்று யாரோ எழுதியும் விட்டிருந்தார்கள்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்கு ஏலாது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் கோயிலைப் பார்க்காதவர்களுக்கு: அது கார் ரயர் விற்கும் களஞ்சியத்துக்கும் தளபாடக் களஞ்சியத்துக்கும் நடுவில் இருக்கிறது. வீதி என்று ஊரில் நாங்கள் சொல்கிற மணல் வீதி இங்கே இல்லை. தேர் சுற்றுவது கார் நிறுத்துகிற தார் வெளியைத்தான். ஆடி மாத வெயிலில் அந்தத் தார் எப்படிச் சுடும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பெடியன்கள் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டே போவார்கள். பழைய கம்பளத் துண்டுகளையும் அங்கங்கே விரித்திருப்பார்கள். பட்டுச் சேலையும் நகையுமாக வந்த நாங்கள் எல்லோரும் மரியாதையை விட்டுக் கெந்திக் கெந்திக் கம்பளத்துக்குக் கம்பளம் ஓடினோம்.

இவர் ஓடவில்லை. என்னுடைய வீட்டுக்காரர் சிவநேசன், தோளில் காவடியோடு, கம்பளத்தை விட்டு விலகி, வெறும் தாரில், கலியாண வீட்டுக்குள் நடந்து போகிறவர் மாதிரி ஆறுதலாகப் போனார். நாதஸ்வரக்காரரே திரும்பிப் பார்த்தார். அதைத்தான் ஒரு பெடியன் படம் பிடித்தான்.

காவடி இவர் கேட்டதல்ல. நேர்ந்துகொண்டது நான். இவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று சொன்ன அன்று, வைத்தியசாலையின் கழிப்பறைக்குள் நின்று, "இவர் சுகமாகி, இனி வரவேண்டாம் என்று ஆஸ்பத்திரி விட்டுவிட்டால் காவடி எடுப்பார்" என்று முருகனிடம் பேசி முடித்துவிட்டேன். எடுக்கப் போகிறவரிடம் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. நம் பெண்கள் யாருக்கும் தோன்றுவதில்லை.

2

ஆஸ்பத்திரி விட்டுவிட்டது. அது எப்படி நடந்தது என்றும் சொல்ல வேண்டும்.

வெட்டி எடுத்தார்கள். பிறகு மருந்து ஏற்றினார்கள். அதன் பிறகு வருடக்கணக்காக இரத்தம், ஸ்கான், குழாய் விட்டுப் பார்ப்பது என்று போய்க்கொண்டிருந்தோம். ஒவ்வொரு முறையும் வாசலில் ஒரு திரையைக் காட்டி, நோவு எவ்வளவு, களைப்பு எவ்வளவு, மனக்கவலை எவ்வளவு என்று இலக்கத்தால் சொல்லச் சொல்வார்கள். இவர் எல்லாவற்றுக்கும் பூச்சியத்தை அழுத்திவிட்டு எனக்குப் பக்கத்தில் வந்து இருப்பார். ஏதாவது சொன்னால் திரும்பவும் ஊசியைக் கொண்டு வந்துவிடுவார்கள் என்ற பயம்.

கடைசியில் அந்தப் பெரிய டொக்டர் சிரித்துக்கொண்டே கைகுலுக்கினார். இனி நீங்கள் இங்கே வரத் தேவையில்லை, உங்கள் குடும்ப வைத்தியர் பார்த்துக்கொள்வார் என்றார். நல்ல செய்திதான். ஆனால் காருக்குள் வந்து இருந்தபோது, ஒரு வீட்டில் வருடக்கணக்காகக் குடியிருந்துவிட்டு வெளியேறிய மாதிரி எங்கள் இரண்டு பேருக்கும் இருந்தது. அதோடு எங்களுக்குக் குடும்ப வைத்தியர் என்று ஒருவரும் இல்லை. இருந்தவர் இளைப்பாறி, கிளினிக்கையும் பூட்டிவிட்டுப் போய்விட்டார். புதியவர் கிடைக்கவில்லை. பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருங்கள் என்றார்கள். காத்திருந்தோம். இந்த நாட்டில் எங்களுக்கு நன்றாகப் பழகிய வேலை அது.

பிறகுதான் மார்க்கம் வீதியில், புடவைக் கடைக்கு மேல்மாடியில், நேர்ஸ் பிராக்டிஷனர்கள் நடத்தும் கிளினிக் ஒன்று எங்களைச் சேர்த்துக்கொண்டது. ஊரில் உள்ளவர்களுக்கு இது விளங்காது. எங்களுக்கும் முதலில் விளங்கவில்லை. ஊசி போடுகிற, கட்டுக் கட்டுகிற மிஸிமாரைத்தான் நமக்குத் தெரியும். இவர்கள் நேர்ஸாக வேலை செய்து, மேலும் படித்து, நோயாளியைத் தாங்களே பார்த்து, சோதனைக்கு எழுதி, மருந்தும் எழுதி, வேண்டிய நிபுணரிடம் அனுப்புகிறவர்கள். புற்றுநோயில் இருந்து மீண்டவர்களை இப்படியான இடங்களில் தொடர்ந்து பார்க்கிறார்கள்.

"இவ்வளவு நாளும் பேராசிரியர்மார் பாத்த உடம்பை இப்ப நேர்ஸிட்டையோ குடுத்திருக்கினம்?" என்று இவர் படியேறும்போதே முறுமுறுத்தார்.

எங்களுக்குக் கிடைத்தவர் தர்சினி. முப்பத்தைந்து வயது இருக்கும். கைக்குழந்தையாக இங்கே வந்த பிள்ளை. தமிழ் ஆட்கள் என்று கண்டதும் சந்தோஷமாகத் தமிழிலேயே தொடங்கினார்.

"அங்கிள், வண்டி நோகுதா?" வயிற்றைத்தான் கேட்டார், சின்னப் பிள்ளைகளிடம் கேட்கிற சொல்லால்.

"இல்லைப் பிள்ளை."

"கக்கா ஒழுங்காப் போகுதா?"

இவருடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மீசை நரைத்த மனிதரிடம், குடலில் ஒரு முழத்தை இழந்தவரிடம், அந்தச் சொல்லால் கேட்டால் என்ன செய்வார்? கூரையைப் பார்த்துக்கொண்டு "போகுது" என்றார். நான் இருமுவதுபோலச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

தர்சினி என்னைப் பார்த்துச் சிரித்தார். "தெரியும் அன்ரி. வளந்த ஆக்கள் என்ன சொல்லுறவை எண்டு எனக்குத் தெரியாது. அம்மா ரெண்டு ஜொப் செய்தவா. ஸ்கூலுக்குப் போக முந்தி எனக்குச் சொல்லித் தந்த தமிழ்தான் இருக்கு. அதுக்குப் பிறகு எல்லாம் இங்கிலிஷ்."

அந்தக் கிளினிக்கில் எத்தனை கிழவர்கள் வண்டி நோகுது என்றும் கக்கா போகவில்லை என்றும் சொல்லிக்கொண்டு இருப்பார்கள் என்று எனக்கு வீடு வரும் வரைக்கும் சிரிப்பு. "என்னை மூண்டு வயசெண்டு நினைச்சிட்டா போலை," என்று இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் அடுத்த முறை போகிற அன்று சவரம் செய்து, நல்ல சேட்டும் போட்டுக்கொண்டு எனக்கு முன்னமே வெளிக்கிட்டு நின்றார்.

அந்த இரண்டாவது முறை தர்சினி கேட்டார். "அங்கிள், கை கால் ஏதும் விறைக்குதா? சிலபேருக்கு அந்த மருந்தால விறைப்பு வந்து, போகாமலே நிக்கும்."

"இல்லைப் பிள்ளை. அதெல்லாம் அப்பவே போயிட்டுது."

நானும் பக்கத்தில் இருந்து தலையாட்டினேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

3

இவருடைய கால்களைப் பற்றி உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். யாழ்ப்பாணத்துக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் மினிபஸ் ஓட்டிய சிவநேசனை அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். நான் ரைப்பிங் வகுப்புக்கு அந்த பஸ்ஸில்தான் போவேன். சாரதி ஆசனத்துக்குப் பக்கத்தில் இருந்த நீள இருக்கையில் இடம் கிடைத்தால், குனிந்த தலையோடு போகிற நல்ல பிள்ளையாக நான் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய பாதத்தைத்தான். செருப்பைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டு வெறுங்காலால்தான் ஓட்டுவார். காலைப் பிறேக்கில் வைக்கிற விதமே ஒரு பக்குவம். சனம் பிதுங்குகிற பஸ்ஸில் ஒருவரும் ஒருவர் மேல் விழாமல் நிறுத்துவார்.

"காலிலைதான் பஸ் கதைக்கும்," என்று பிறகு ஒருநாள் சொன்னார். அப்போது எங்களுக்குக் கலியாணம் ஆகியிருந்தது.

இங்கே வந்து தொழிற்சாலைகளில் எல்லாம் நின்றுவிட்டு, கடைசியில் திரும்பவும் பஸ்ஸுக்கே போனார். மஞ்சள் நிறப் பள்ளிக்கூட பஸ். நடக்க ஏலாத, கதைக்க ஏலாத பிள்ளைகளை ஏற்றுகிற சின்ன பஸ். மருந்து ஏற்றி முடிந்து முடி வளரத் தொடங்கியதும் முதலில் கேட்டது, எப்போது பஸ் ஓடலாம் என்பதுதான். சாரதிகளுக்கான பரிசோதனையில் கண்ணைப் பார்த்தார்கள், காதைப் பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள். நோய் வருத்தம் ஏதும் உண்டோ என்று கேட்டார்கள். இவர் இல்லை என்றார்.

அந்த நாட்களில் இன்னொன்றும் நடந்தது. காலையில் சேட்டைப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்று, "இதைக் கொஞ்சம் பூட்டிவிடு" என்பார். நான் பொத்தானைப் பூட்டிவிடுவேன். கலியாணமான காலம் தொட்டு ஒருநாளும் கேட்காதவர். சாவைப் பார்த்துவிட்டு வந்த மனிதருக்கு மனம் இளகிவிட்டது என்று நினைத்தேன். வேலைக்கு நேரம் போனாலும் அந்தப் பொத்தான்களை நான் அவசரப்பட்டுப் பூட்டியதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது.

தேரன்று மாலை வீட்டுக்கு வந்து, இவர் கதிரையில் சாய்ந்தபோதுதான் நான் உள்ளங்காலைக் கண்டேன். இரண்டு பாதத்திலும் தோல் பெரிய கொப்புளமாக எழும்பி, ஒன்று உடைந்து, சிவப்புத் தசை தெரிந்தது.

"ஐயோ, நோகேல்லையே உங்களுக்கு?"

"இல்லையே," என்று குனிந்து பார்த்தார். அவருக்கும் அது புதினம்தான்.

எனக்கு என்ன தோன்றியது என்று நினைக்கிறீர்கள்? கைகூப்பினேன். காயத்தைக் கொடுத்தாலும் நோவைத் தரவில்லையே முருகா என்று கும்பிட்டேன். பிறகு கழுவி, மருந்து பூசிக் கட்டினேன். வீடியோவை நானும் நாலு பேருக்கு அனுப்பினேன்.

ஒஷாவாவில் தனியாக இருக்கும் எங்கள் மகன் கபிலனுக்கும் அனுப்பினேன். அவன் கோயிலுக்கு வருவதை எப்போதோ விட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பான். சாப்பிட்டியோ என்று நான் கேட்பேன், யெஸ் அம்மா என்பான், பிறகு இரண்டு பக்கமும் சொல்ல ஒன்றும் இருக்காது. அன்று ஞாயிறு அல்ல. ஆனாலும் உடனே எடுத்தான்.

"அம்மா, அப்பாவுக்கு ஏன் ஹேர்ட் பண்ணேல்லை?"

"அது அருளடா."

"நோ அம்மா. எல்லாருக்கும் சுடுதல்லோ. அப்பாக்கு மட்டும் ஏன் சுடேல்லை? அவருக்கு ஃபீலிங் இல்லை. கிளினிக்குக்குக் கோல் பண்ணுங்கோ. இல்லாட்டி நான் பண்ணுறன்."

கடவுளை நம்பாத பிள்ளைக்கு இப்படித்தான் புத்தி போகும் என்று எனக்குக் கோபம் வந்தது. அவனே கிளினிக்கை அழைத்து நாள் எடுத்துவிட்டான். உலகம் முழுக்க அந்த வீடியோவைப் பார்த்தார்கள். தகப்பனின் காலைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

4

பள்ளிக்கூடம் தொடங்க இன்னும் சில நாட்களே இருந்தன. இவர் அந்த வாரம் முழுக்க பஸ்ஸைக் கழுவித் துடைத்துவிட்டு வந்திருந்தார். கிளினிக்குக்கு வர விருப்பமே இல்லை. "காயம் ஆறினாப் போகுது. இதுக்கு ஏன் அந்தப் பிள்ளையைக் கரைச்சல்படுத்துவான்?" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கும் லைசென்ஸ் இருந்தாலும் காரையும் அவர்தான் ஓட்டினார்.

தர்சினி சொக்ஸைக் கழற்றச் சொன்னார். கட்டை அவிழ்த்துப் பார்த்ததும் முகம் மாறியது. பிறகு கீழே சின்ன வாங்கில் குந்தி, இவருடைய பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்தார்.

இவர் காலை இழுத்தார். "வேண்டாம் பிள்ளை. காலைத் தொடாதையுங்கோ."

"இது என்ர வேலை அங்கிள்."

"இல்லை, அது சரியில்லை. நீங்கள் ஒரு..." என்று என்னைப் பார்த்தார். ஒரு தமிழ்ப் பெண்பிள்ளையின் மடியில் காலை வைப்பது அவருக்குக் காயத்தைவிடப் பெரிய வேதனையாக இருந்தது. நான் கண்ணால், பேசாமல் இருங்கோ என்று காட்டினேன். தர்சினி காயத்தைத் துடைத்து, பழுதான தோலை வெட்டி எடுத்தார். நான் பார்க்க ஏலாமல் மற்றப் பக்கம் திரும்பினேன். இவர் என்னவென்றால், புடவைக் கடையில் வியாபாரம் எப்படி என்று தர்சினியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

கையைக் கழுவிவிட்டு, கட்டுவதற்கு முன் தர்சினி கேட்டார். "அங்கிள், உங்கட ஷேர்ட்டில மேல் பட்டன் மூண்டையும் கழட்டிப் போட்டுத் திரும்பப் பூட்டுங்கோ பாப்பம்."

கழற்றினார், இழுத்து இழுத்து. பூட்டத் தொடங்கினார். பொத்தான் விரலுக்குள் இருந்து நழுவியது. திரும்பப் பிடித்தார். திரும்ப நழுவியது. பழக்க தோஷத்தில் நான் எழும்பிப் போய்ச் சேட்டைப் பிடித்தேன்.

"அன்ரி, அங்கிள் செய்யட்டும்," என்றார் தர்சினி.

நான் கையை எடுத்தேன். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இத்தனை காலமும் காலையில் என் முன்னால் வந்து நின்றது இதனால்தான். இவர் பொத்தானைப் பார்த்துக்கொண்டு இருந்தார், என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. ஏமாந்துபோனேன் என்ற அழுகையா, இவரை நினைத்து வந்த அழுகையா என்று இப்போதும் சொல்லத் தெரியாது.

தர்சினி மேசை லாச்சியைத் திறந்து ஒன்றை எடுத்தார். ஒரு பிடியில் பொருத்திய, மீன் பிடிக்கிற தங்கூசி போன்ற மெல்லிய நைலோன் துண்டு. "அங்கிள், கண்ணை மூடுங்கோ. நான் காலில இதால தொடுவன். தொடேக்கை ஓம் எண்டு சொல்லுங்கோ."

இவர் கண்ணை மூடிக்கொண்டு நிமிர்ந்து இருந்தார். தர்சினி காயம் படாத இடமாகப் பார்த்து, பெருவிரலின் கீழே தொட்டார். நூல் வளைந்தது. இவர் ஒன்றும் சொல்லவில்லை. நடுப் பாதத்தில் தொட்டார். "ஓம்," என்றார் இவர். எனக்கு ஆறுதலாக இருந்தது. பிறகு குதிக்காலில். சத்தமில்லை. பிறகு, "ஓம்." கொஞ்சம் விட்டு, "ஓம்."

தர்சினி நூலை எடுத்துவிட்டார். கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார்.

"ஓம்," என்றார் இவர்.

தர்சினி அசையவில்லை.

"ஓம்."

கோபம் வந்திருக்க வேண்டும். இந்த மனிதரோடு இவ்வளவு காலம் வாழ்ந்து, இப்படிக் கள்ளம் செய்வதை நேருக்கு நேர் பார்த்தால் கோபம்தான் வர வேண்டும். வரவில்லை. படிக்காமல் சோதனைக்கு வந்து, தெரிந்த பதிலை எல்லாக் கேள்விக்கும் எழுதுகிற பிள்ளையைப் போலக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தார். தர்சினி என்னைப் பார்த்தார். அவர் சொல்லப்போவதில்லை என்று விளங்கியது.

"அவா தொடேல்லையப்பா," என்றேன்.

இவர் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு மெல்லக் கேட்டார்.

"ஒருக்காவாவது தொட்டவாவோ?"

"எத்தினையோ தரம் தொட்டவா."

5

தங்கச்சி, நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். உன் அத்தானுக்குச் சுடவில்லை என்பது மெய். அவருக்கு வருத்தம் போய்விட்டது, வருத்தத்துக்கு ஏற்றிய மருந்து நரம்பை விட்டுப் போகவில்லை. முருகன் அற்புதம் செய்யவில்லை என்றும் நான் சொல்லமாட்டேன். வெட்டிய குடலோடு இவர் உயிரோடு இருக்கிறார். எனக்கு அது போதும். ஆனால் அந்தத் தாரில் நடந்தது அற்புதம் இல்லை. அந்த வீடியோவை இனி ஒருவருக்கும் அனுப்பாதே.

கண்ணைத் திறந்த பிறகு இவர் கேட்டது காயத்தைப் பற்றி அல்ல.

"பிள்ளை, செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் தொடங்குது."

"தெரியும் அங்கிள்," என்றார் தர்சினி. "நீங்கள் என்ன ஓடுறனீங்கள் எண்டு ஃபைலில இருக்கு. பெடலை அமத்தேக்கை தெரியுதா?"

இவர் என்னைப் பார்த்தார். இல்லை என்று சொன்னால் பஸ் போய்விடும். ஓம் என்று சொல்லிப் பார்த்தாயிற்று, அது எடுபடவில்லை. பஸ் இல்லாவிட்டால் இவர் என்ன செய்வார் என்று எனக்கும் தெரியவில்லை. புற்றுநோய் என்று சொன்ன அன்றுகூட இவருடைய முகம் இப்படி இருக்கவில்லை.

"காலாலை தெரியிறேல்லைப் பிள்ளை. காதாலைதான் ஓடுறனான். எஞ்சின் சத்தம் கூடினா அமத்திறன் எண்டு தெரியும், குறைஞ்சா விட்டிட்டன் எண்டு தெரியும்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனியிலை ஒருநாள் ஒரு ஸ்ரொப்பிலை நிக்கிறன். பிறேக்கிலை கால் இருக்குதெண்டுதான் நினைச்சனான். பஸ் மெல்ல ஊர்ந்திட்டுது. இவ்வளவுதான்." கையால் ஒரு சாண் காட்டினார். "பிள்ளையள் ஒருத்தரும் கவனிக்கேல்லை. எனக்கு அண்டு முழுக்கச் சோறு இறங்கேல்லை."

அன்று அவர் சாப்பிடாமல் படுத்தது எனக்கு நினைவிருக்கிறது. வயிறு சரியில்லை என்று சொன்னார். நானும் கஞ்சி வைத்துக் கொடுத்தேன்.

"இதை ஏன் அங்கிள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொன்னா, நான் இன்னும் வருத்தக்காரன் எல்லோ."

தர்சினி கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு இருந்தார். பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னார். இப்போது பஸ் ஓடக்கூடாது, காரும் ஓடக்கூடாது. இது லைசென்ஸ் கொடுக்கிறவர்களுக்குத் தான் அறிவிக்க வேண்டிய விஷயம். நரம்பைப் பார்க்கிற நிபுணருக்கும், நடை பழக்குகிற இடத்துக்கும் எழுதுகிறேன் என்றார். கால் உணராததைக் கண்தான் பார்க்க வேண்டும், அதனால் ஒவ்வொரு மாலையும் உள்ளங்காலை நான் பார்க்க வேண்டும் என்று எனக்குக் காட்டித் தந்தார். வீட்டுக்குள்ளும் செருப்பில்லாமல் நடக்கக்கூடாது.

"கோயிலுக்குள்ளை?" என்று கேட்டேன்.

"சொக்ஸ் போட்டா சாமி கோவிக்குமா அன்ரி?"

ஐயரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"சரி, நான் பேசாமல் போயிட்டன் எண்டு வையுங்கோ," என்றார் இவர். விலையைக் குறைத்துக் கேட்கிறவர் மாதிரி மெல்லத்தான் கேட்டார். "ஒரு மாசம். புதுப் பிள்ளையள் வந்து பழகிற மட்டும். அதுக்குப் பிறகு நீங்கள் எழுதுங்கோ."

"அங்கிள்," என்றார் தர்சினி. குரல் கொஞ்சம் தளர்ந்தது. "எனக்கும் ஒரு சின்னப் பிள்ளை இருக்கு. அவனும் பஸ்ஸிலதான் போறவன்."

இவர் சேட்டில் இன்னும் பூட்டாத பொத்தான்களோடு எழும்பி என் முன்னால் வந்து நின்றார். நான் பூட்டிவிட்டேன். நானும் கனநேரம் எடுத்தேன்.

"முதல் முதல் ஏலாமத்தான் கேட்டனான்," என்றார் எனக்கு மட்டும் கேட்கும்படி. "பிறகு..." சொல்லி முடிக்கவில்லை. தர்சினி கணினியில் மும்முரமாக எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

6

கீழே வந்து காருக்குப் பக்கத்தில் நின்றோம். புடவைக் கடைக்கு வந்த சனம் எங்களைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. இவர் பஸ் கம்பனியின் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். தன்னுடைய இங்கிலிஷில், கால் சரியில்லை, இனி ஓட்டமாட்டேன் என்று சொன்னார். அந்தப் பக்கத்தில் இருந்த பெண் திரும்பத் திரும்ப வருத்தப்பட்டது எனக்கும் கேட்டது. இவருடைய பாதையை ரவிக்குக் கொடுப்பதாகச் சொன்னாள். ரவி இவரோடு ஒரே முற்றத்தில் பஸ் நிறுத்துகிற பெடியன், மன்னார்ப் பக்கம்.

நான் காரின் கதவைத் திறக்கப் போனேன். "பொறு," என்றுவிட்டு ரவிக்கு எடுத்தார். ஃபோனின் சின்ன எழுத்தைத் தொட விரல் சரிவராதபடியால் ஒலிபெருக்கியில் போட்டுக் கையில் பிடித்திருந்தார்.

"ரவி, செவ்வாய்க்கிழமை என்ரை ரூட் நீ எடுக்கிறாய்."

"என்னண்ணை, சுகமில்லையே?"

"அதைப் பேந்து சொல்லுறன். இப்ப நான் சொல்லுறதைக் கேள். கடைசி வீட்டிலை ஒரு சின்னப் பெட்டை நிக்கும். அது கதவைத் திறந்த உடனை ஏறாது. ஹோர்ன் அடியாதை, சத்தத்துக்குப் பயம் அதுக்கு. தாயையும் கூப்பிடாதை, தாய் கையைப் பிடிச்சு இழுத்தா அழும். நீ பேசாமல் இரு. தன்ரை பாட்டிலை ஏறும்."

"லேற் ஆகுமேயண்ணை."

"ஆகட்டும்."

"சரியண்ணை."

"ஏறினாப் பிறகும் கண்ணாடியிலை பார். இருந்து, பெல்ற் போட்டு, சன்னலைப் பாக்கத் தொடங்கும். அதைக் கண்டாப் பிறகுதான் பிறேக்கிலை இருந்து காலை எடுக்கவேணும். விளங்குதே? மெல்ல எடுக்கவேணும். வெளிக்கிட்டது அதுக்குத் தெரியக்கூடாது."

"ஓமண்ணை, விளங்குது. நீங்கள் எப்ப திரும்பி வாறியள்?"

இவர் தார்த் தரையைப் பார்த்தார். கோடையின் கடைசி வெயில் அதன் மேல் விழுந்திருந்தது. கட்டுப் போட்ட கால்களுக்குத் தர்சினி கொடுத்த பெரிய நீலச் சப்பாத்து, யாரோ வேறு மனிதருடையது மாதிரி இருந்தது.

"வரமாட்டன் ரவி," என்றார்.

அந்தப் பக்கத்தில் ரவி எதையோ சொல்லத் தொடங்கினான். இவர் தொலைபேசியை என்னிடம் தந்து நிறுத்தச் சொன்னார். நான் நிறுத்தினேன். இரண்டு பேரும் காரைச் சுற்றி எதிரெதிர்ப் பக்கமாக நடந்தோம். நடுவில், காரின் முன்பக்கத்தில் சந்தித்தபோது, இவர் சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, சாவி என் கைக்குள் போய்விட்டதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டே நின்றார். பார்த்த பிறகுதான் விட்டார்.